டி.சி.க்கு ஆரத்தி எடுத்த கை

அந்தப் பொண்ணு மாடிப்படி ஏறி வந்தப்போ எங்க துப்பறியும் நிலையத்துல ரெண்டு பேருமே ரொம்ப மும்முரமா இருந்தோம். அண்ணன் தூங்கிட்டு இருந்தார். நான் அவர் தூங்கறதைப் பாத்துட்டு இருந்தேன்.

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில சைக்கிள் கடை மாடிதான் எங்க ஆபீஸ். சென்னிமலை அண்ணன் முன்னால எல்லைச் செக்போஸ்ட் ஒண்ணுல இருந்தவர். வைக்கோல் வண்டி போற நடையைப் பாத்தே அடியில அரிசி மூட்டை இருக்கா இல்லையான்னு சொல்லுவார். ஒரு நாள் மேலதிகாரியோட மச்சினன் வண்டியைப் பாத்தும் அதையே சொல்லிட்டார். வேலை போயிருச்சு. நான் சுவக்கீன். பஸ் கண்டக்டரா இருந்தேன். என்ற வாய்க்குப் பயந்து ஜனங்க அடுத்த பஸ்சுக்கு நிக்க ஆரம்பிச்சதும் முதலாளி என்னை இறக்கி விட்டுட்டார். இப்படி ரெண்டு உருப்படாததுக சேந்து கண்டுபுடிச்சது இதுவரைக்கும் ஒரு காணாமப் போன ஆடு. அதுவும் பாதி.

"ஏனுங்க, தொலைஞ்சதைக் கண்டுபுடிச்சுக் குடுக்கறவங்க நீங்கதானுங்களா?"

"ஆமா அம்மிணி. தொலைஞ்சது ஆடா, மாடா, மாப்பிள்ளையா?"

"டி.சி.ங்க."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். மாற்றுச் சான்றிதழ் தொலைஞ்சதுக்கு துப்பறியும் நிலையத்துக்கு யாராச்சும் வருவாங்களா? ஆனா அவ மூஞ்சியைப் பாத்ததும் இன்னொரு கண்ணையும் திறந்துட்டார். அழுது முடிச்சு, மூஞ்சியைக் கழுவி, பவுடர் போட்டு வந்திருந்தா. அப்படியும் தெரிஞ்சது.

பேரு பழனாத்தாள். எல்லையோரத்துல தென்னந்தோப்பும் நெல்லும் இருக்கற குடும்பம். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டு வருசம் முடிச்சிருக்கறா. ரெண்டு வருசமும் நல்ல மார்க்கு. போன அறுப்புல அப்பா தவறிட்டார். அவளோட அண்ணன் அப்புசாமி இனி ஹாஸ்டல் கிடையாதுன்னு ஒரே பேச்சாச் சொல்லிட்டான். அழுது புரண்டதுல ஒரு வழி கெடச்சது. ஊட்டுக்குப் பக்கத்துல, கேரளத்துக் காலேஜுல மூணாம் வருசம் சேத்துக்கிட்டா படிக்கலாம்.

"அண்ணன் சொல்லிட்டானுங்க. 'மூணாம் வருசம்னா ஒரு வருசம் பொறுத்துக்கறேன். மறுக்கா ஒண்ணாவதுல இருந்துன்னா புஸ்தகத்தைக் கட்டி அட்டாலில போடு. வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க'ன்னான்."

"டி.சி. எப்பத் தொலைஞ்சது?"

"எல்லாக் காகிதத்தையும் அடுக்கிக் குத்தி ஆபீஸ்ல குடுத்தனுங்க. போன வாரம் போய்க் கேட்டா மத்ததெல்லாம் இருக்குது, டி.சி. மட்டும் இல்லைங்கறாங்க. சூப்ரண்டு கட்டைத் திருப்பி எம்மேல வீசிட்டார். 'டி.சி. கொண்டு வா, இல்லெங்கில் வேண்டா'ன்னுட்டார். சேர்றதுக்கு இன்னிக்குத்தானுங்க கடைசி நாள். சாயங்காலம் ஆபீஸ் பூட்டறப்போ அண்ணன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவான்."

"புதுசா ஒண்ணு வாங்க முடியாதா?"

"கோயம்புத்தூர்ல கேட்டனுங்க. போலீஸ்ல எழுதி வாங்கோணும், பேப்பர்ல விளம்பரம் போடோணும், அப்புறம் யுனிவர்சிட்டிக்கு எழுதோணுமாம். அதுக்குள்ள எனக்குக் கொழந்தையே பொறந்துரும்."

சொல்லிட்டு அவளே சிரிச்சா. சிரிச்ச வாய் அப்படியே கோணிப் போச்சு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம செம்புல தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

"ஆபீஸ்ல யாரும் ஒத்தாசை பண்ணலையா?"

"ஹெட்கிளார்க் சுடலைன்னு ஒருத்தர், அவர்தான் நல்லாப் பேசுவாருங்க. போறப்பவெல்லாம் 'மெதுவாத் தேடும்மா, ஒண்ணும் அவசரமில்ல'ம்பார்."

"கடைசி நாள் வந்துருச்சு, அவசரமில்லையாமா? கவர்மெண்டுச் சம்பளம் வாங்கறவன் வாயில இருந்து வேறென்ன வரும்" என்றேன்.

அண்ணன் அதைக் காதுல வாங்கல. காகிதக் கட்டை வாங்கி மேசை மேல பரப்பினார். மார்க் லிஸ்ட், நன்னடத்தைச் சான்றிதழ், ஹாஜர் சர்டிபிகேட்னு வரிசையா இருந்தது. ஒவ்வொண்ணுலயும் நாலு மூலையிலயும் மஞ்சள். கோயம்புத்தூர்ப் பிரின்சிபால் கையெழுத்து மேலயே ஒரு சொட்டு சிந்தியிருந்தது.

"இதென்னம்மா, சர்டிபிகேட்டா கல்யாணப் பத்திரிகையா?"

பழனாத்தாள் தலையைக் குனிஞ்சா. "அம்மா வெச்சதுங்க. புதுச்சீலைக்கு வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. நல்ல காரியத்துக்குப் போற காகிதம்னு டி.சி.க்கும் வெச்சாங்க. நான் வேண்டாம் வேண்டாம்னேன்."

"எங்கூட்டுல சிலுவை போட்டு அனுப்புவாங்க, காகிதம் அழுக்காகாது" என்றேன்.

"சுவக்கீனு, வாயை மூடிட்டு இதைப் பாரு."

அண்ணன் காட்டினது நன்னடத்தைச் சான்றிதழ். மூணு மூலை மஞ்சளா இருந்தது. மேல் வலது மூலை மட்டும் நல்லாச் செகப்பா, கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது.

"குங்குமம்" என்றேன்.

"கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தா, தட்டுல செகப்புத் தண்ணி வெச்சு சுத்துவாங்களே, அது என்ன?"

"ஆரத்தி."

"அதுக்கு எப்படிச் செகப்பு வருது?"

"மஞ்சள்ல சுண்ணா..." பாதியில நிறுத்திட்டேன். பழனாத்தாள் நிமுந்து உக்காந்தா. கெமிஸ்ட்ரி படிக்கற பொண்ணு, என்னை விட முன்னாலயே புரிஞ்சிருக்கும். ஆனா தன்ற தலையெழுத்தே போயிட்டு இருக்கறப்போ எந்தக் கெமிஸ்ட்ரி ஞாபகம் வரும்?

"டி.சி. இதுக்கு மேலதானே குத்தியிருந்துச்சு?"

"ஆமாங்க. ரெண்டும் ஒரே குண்டூசியில."

"அப்ப ஒருத்தன் கீழ்க் காகிதத்தைக் கட்டை விரல்ல அமுக்கிட்டு மேல் காகிதத்தை உருவியிருக்கறான். விரல்ல சுண்ணாம்பு. வெத்தலை போட்ட கையோட உருவியிருக்கறான்."

"டி.சி.க்கு ஆரத்தி எடுத்து வழியனுப்பியிருக்கறாங்கண்ணா" என்றேன். பழனாத்தாள் இந்தத் தடவை நெசமாவே சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் அண்ணன் சட்டையை மாட்டிட்டார்.

காலேஜ் மீனாட்சிபுரம் போற வழியில இருந்தது. பேரைச் சொல்ல மாட்டேன், கேஸ் போட்டுருவாங்க. பஸ்ல ஏறினதும் கண்டக்டர் என்னைப் பாத்துட்டு, "இன்னிக்காச்சும் டிக்கெட் எடுப்பியா?"ன்னான். தொழில் மரியாதை தெரியாத பய. அண்ணன் சன்னல் ஓரம் உக்காந்து மீசையைத் தடவிட்டு வந்தார். மீசையைத் தடவினா கேஸ் முடிஞ்சதுன்னு அர்த்தம். பழனாத்தாள் முன் சீட்டுல உக்காந்து மஞ்சப்பையை மடியில இறுக்கிப் புடிச்சிருந்தா. அடிக்கடி திரும்பி எங்களைப் பாத்தா. எங்களை நம்பி ஒரு உசுரு வர்றது அதுதான் மொதல் தடவை. எனக்குப் பெருமையாத்தான் இருந்தது, பொய் எதுக்குச் சொல்லோணும்?

காலேஜ் ஆபீஸ்ல அன்னிக்கு சந்தை மாதிரிக் கூட்டம். வாசல்ல ஸ்டூல் போட்டு பியூன் ராக்கப்பன் உக்காந்திருந்தான். வாய் நிறைய வெத்தலை. கடைவாயில செகப்பு. கை விரல்ல வெள்ளை! நான் பாஞ்சு போய் அவன் கையைப் புடிச்சுட்டேன்.

"மாட்டினயா? எங்கடா டி.சி.?"

"ஏனுங்க, கையை விடுங்க! என்ன டி.சி.?"

"விரல்ல சுண்ணாம்பு இருக்குதில்ல?"

"இப்பத்தானுங்க தடவினேன். நீங்க புடிக்காம இருந்தா இந்நேரம் துடைச்சிருப்பேன்" என்று சொல்லி என்ற கையை உதறிட்டு, பின்னாடி இருந்த தூணுல விரலை ஒரு இழுப்பு இழுத்தான். அந்தத் தூணைப் பாக்கோணுமே! இடுப்பு உசரத்துல இருந்து தலை உசரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக் கோடு. ராக்கப்பனுக்கு முன்னால இருந்த பியூன், அவனுக்கு முன்னால இருந்தவன்னு எல்லாருடைய விரலும் அங்க இருந்தது.

"நான் காகிதத்தைத் தொடறதுக்கு முன்னால தூணைத் தொட்டுருவனுங்க. காகிதத்துல கறை பட்டா சூப்ரண்டு தோலை உரிச்சுருவார்."

நான் அசடு வழிஞ்சுட்டு நின்னேன். ஆனா அண்ணன் அந்தத் தூணையே வெறிச்சுப் பாத்துட்டு நின்னார். அப்புறம் மெதுவா ஆபீஸ் உள்ள நடந்தார். நானும் பின்னாலயே போனேன்.

"சுவக்கீனு, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் சுவத்தைப் பாத்துட்டே வா."

பாத்தேன். டைப்பிஸ்ட் நாற்காலிக்குப் பின்னால வெள்ளைக் கோடு. காசு வாங்கறவர் பின்னால கோடு. சன்னல் கட்டையில கோடு. சூப்ரண்டு ரூம் கதவு நெலவுல கூட ஒண்ணு. யாருக்குத் துணிச்சலோ! கடைசி நாற்காலிக்குப் பின்னால மட்டும் சுவரு சுத்தமா இருந்தது.

"அந்த நாற்காலிக்காரர் வெத்தலை போட மாட்டாரா?" என்று அண்ணன் ராக்கப்பனைக் கேட்டார்.

"ஹெட்கிளார்க் சுடலை சாருங்களா? வெத்தலை இல்லாம அவருக்குப் பேனா ஓடாதுங்களே. ஆனா சுவத்துல தடவ மாட்டாருங்க. கவர்மெண்டுச் சுவரு, நாம அசிங்கப்படுத்தக் கூடாதும்பார். என்னையும் வைவார். மூணாறு எஸ்டேட்டுக்காரர், நேர்மைன்னா அப்படியொரு நேர்மைங்க. ஆபீஸ் குண்டூசி ஒண்ணு ஊட்டுக்குப் போகாது."

அண்ணன் என்ற பக்கம் திரும்பினார். கண்ணு மின்னுச்சு.

"விரலைச் சுவத்துல துடைக்கறவன் காகிதத்துல சுண்ணாம்பு வெக்க மாட்டான். சுவத்துல துடைக்காதவன் விரல்லதான் சுண்ணாம்பு தங்கும். இந்த ஆபீஸ்லயே யோக்கியன் எவனோ, அவன்தான் திருடன்."

நான் கும்பிடாத குறை. செக்போஸ்ட்டுல இந்த மனுசனை விட்டிருந்தா ஒரு மணி அரிசி எல்லை தாண்டியிருக்காது.

சுடலை எங்களைப் பாத்துட்டார். ஒல்லியான ஆளு, நரைச்ச தலை, கண்ணாடி. பழனாத்தாள் எங்களோட நிக்கறதைக் கண்டதும் அவர் கையில இருந்த பேனா நின்னு போச்சு.

"சார், இந்தப் பொண்ணோட டி.சி. விஷயமா வந்திருக்கறோம்" என்றார் அண்ணன்.

"தேடுதோம் சார். கெடைக்கும். மெதுவாக் கெடைக்கும்." தெக்கத்திப் பேச்சு. பழனாத்தாளைப் பாத்து, "எம்மா, நீ எதுக்கு இவ்வளவு தூரம் ஆளுகளைக் கூட்டிட்டு வந்தே?"ன்னார். குரல்ல ஒரு நடுக்கம்.

மாட்டிக்கிட்டவன் நடுக்கம்னு நான் நெனச்சேன்.

அண்ணன் அவர் மேசையைப் பாக்கல, பீரோவைப் பாக்கல. கையைப் பின்னால கட்டிட்டு நின்னு யோசிச்சார். பிறகு என்ற காதுல சொன்னார். "குண்டூசியையே ஊட்டுக்குக் கொண்டு போகாதவன் டி.சி.யைக் கொண்டு போவானா? கிழிக்கவும் மாட்டான். ஆபீஸ்ல குடுத்த காகிதம் ஆபீஸ்லயேதான் இருக்கோணும், ஆனா ஒருத்தனும் பாக்கக் கூடாது. அப்படி ஒரு எடம் கவர்மெண்டு ஆபீஸ்ல எது?"

"சூப்ரண்டு மூளை."

"புகார்ப் பெட்டி."

வராந்தாவுல, பச்சைப் பெயின்ட் அடிச்சு, ஒரு தகரப் பெட்டி தொங்கிட்டு இருந்தது. பூட்டு துருப்புடிச்சிருந்தது. அதைத் திறந்து பாத்தவங்க யாரும் இப்ப சர்வீஸ்ல இருக்க மாட்டாங்க. அண்ணன் கிட்டப் போய்க் குனிஞ்சார். காகிதம் போடற வாயோரத்துல, பச்சைப் பெயின்ட் மேல, செகப்பா ஒரு இழுப்பு இருந்தது. மஞ்சள் பூசின காகிதத்தைச் சுண்ணாம்பு விரல் உள்ள தள்ளின எடம்.

"ஆரத்தி!" என்று நான் கத்திட்டேன்.

பழனாத்தாள் ஓடி வந்தா. பெட்டியைத் தொட்டா. அவ மூஞ்சியில பட்ட வெளிச்சத்தை நான் என்னன்னு சொல்றது! "அண்ணா, உள்ள இருக்குதுங்களா? நெசமா இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. சாவி யார்கிட்ட?"

"சூப்ரண்டுகிட்டங்க" என்றான் ராக்கப்பன்.

அண்ணன் திரும்பினார். எதுக்க சுடலை நின்னுட்டு இருந்தார். கையில வெத்தலைப் பொட்டலம்.

"சார், ஒரு நிமிசம் வெளிய வாங்களேன். ஒரு வெத்தல போட்டுட்டு வந்துரலாம். அந்தா அந்த வேப்ப மரத்தடிக்கு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அண்ணன் சிரிச்சார். அவருடைய சிரிப்புலயே மோசமான சிரிப்பு அது. செயிச்சவன் சிரிப்பு. "வெத்தலையிலதானே நீங்க மாட்டினதே? இன்னும் வெத்தலையா?"

"சார், சொன்னாக் கேளுங்க. இன்னைக்கு வேண்டாம்."

"இன்னிக்குக் கடைசி நாளுங்க!" என்று நான் எகிறினேன். "அந்தப் பொண்ணு சாகற மாதிரி நிக்குது, நீங்க இன்னிக்கு வேண்டாம்னா என்ன அர்த்தம்? தள்ளுங்க அக்கட்டால!"

நான்தான் அவரைத் தள்ளினது. தோள்ல கை வெச்சு, நல்லாவே தள்ளினேன். அவர் சுவத்தோரமாப் போய் நின்னார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. சூப்ரண்டு காதுல விழற தூரத்துல அவரால பேச முடியாதுன்னு எனக்கு அப்பத் தெரியல.

சூப்ரண்டு நாராயணன்குட்டி மொதல்ல எங்களை வெரட்டத்தான் பாத்தார். அண்ணன் மஞ்சளையும் சுண்ணாம்பையும் சொல்லச் சொல்ல அவருக்கே சுவாரசியமாயிருச்சு. மேசை டிராயர்ல இருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்துட்டு வந்தார். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியதாப் போச்சு. ஆபீஸே எழுந்து வந்து சுத்தி நின்னுச்சு. பெட்டியைத் திறந்தா ஒரு மாங்கொட்டை, கேன்டீன் சாம்பார் பத்தி ஒரு புகார், செத்த பல்லி ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல, மூணு மூலை மஞ்சளும் ஒரு மூலை செகப்புமா, மடங்காம கசங்காம, டி.சி.

"கிட்டியல்லோ!" என்றார் சூப்ரண்டு.

கூட்டத்துல யாரோ கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அண்ணன் மீசையைத் தடவினார். பழனாத்தாள் ரெண்டு கையையும் நீட்டினா. ஆனா சூப்ரண்டு அதை அவகிட்டக் குடுக்கல. "வரூ"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள கொண்டு போனார். ஒரு பைலை எடுத்தார். முன்னாலயே ஒரு காகிதம் கொக்கியில மாட்டியிருந்தது. அதை ஒரு தடவை பாத்தார். டி.சி.யைத் திருப்பிப் போட்டார். மை ஒத்தின சீல் கட்டையை எடுத்து டப்புன்னு ஒரு குத்து. கையெழுத்துப் போட்டு, பெரிய ரிஜிஸ்டர்ல பேரையும் எழுதிட்டார். எல்லாம் நாங்க மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சது.

"சரி. அட்மிஷன் ஆயி. ஒந்நாம் வர்ஷம்."

"மூணாம் வருசமுங்க சார்" என்றா பழனாத்தாள். ஏதோ கைத்தவறா எழுதிட்டார்னுதான் அவ நெனச்சா.

"அல்ல, ஒந்நாம் வர்ஷம். பிரின்சிபால் ஓர்டர் அப்போளே வந்நு. கோயம்புத்தூர்ல நீ கெமிஸ்ட்ரியோட துணைப்பாடமா படிச்சது தாவரவியல். இவிடெ கணக்கு வேணும். அங்க படிச்சது இங்க எடுக்காது. முதல்ல இருந்து படிக்கணும். டி.சி. இல்லாததால ஓர்டரை நடத்த முடியாம இருந்தது. இப்ப கிட்டியாச்சு, நடத்தியாச்சு." அவர் கோவமாச் சொல்லல. ஒரு வேலை முடிஞ்ச திருப்தியோடதான் சொன்னார். 

"ரெண்டு வருசம் படிச்சிருக்கறனுங்க சார். எல்லாத்துலயும் பாஸ் பண்ணியிருக்கறனுங்க."

"படிச்சது நல்லது. ஆரும் கொண்டு போக மாட்டார்."

"அப்ப டி.சி.யைத் திருப்பிக் குடுங்க சார். கோயம்புத்தூருக்கே போயிடறனுங்க. அண்ணன் காலுல விழுந்தாவது போயிடறனுங்க."

சூப்ரண்டு டி.சி.யைத் தூக்கிக் காட்டினார். முதுகுல நீல சீல், முதல் வருசம்னு. மை இன்னும் காயல. "இனி இதை அவங்களும் எடுக்க மாட்டார்."

பழனாத்தாள் எங்களைத் திரும்பிப் பாத்தா. அண்ணன் மீசையில இருந்து கையை எடுத்துட்டார்.

நாங்க வெளிய வந்தோம். சுடலை இன்னும் அதே சுவத்தோரம்தான் நின்னார். சூப்ரண்டு ரூம் கதவு சாத்தினப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஆர்டரைப் படிச்ச அன்னைக்கே நான் யுனிவர்சிட்டிக்கு எழுதிட்டேன் சார். கணக்குப் பேப்பர் ரெண்டு மட்டும் சேத்து எழுதினாப் போதும், மத்த ரெண்டு வருசத்தையும் எடுத்துக்கிடலாம்னு. போன வருசம் ஒரு பையனுக்குப் பண்ணியிருக்காக. புதன்கிழமை கமிட்டி கூடுது. அதுவரைக்கும் இந்தப் புள்ளையை ஒண்ணாம் வருசத்துல போடாம வச்சிருக்கணும். வச்சிருக்கதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு. காகிதம் காணாமப் போனா விஷயம் நிக்கும் சார். தொலைஞ்ச டி.சி.க்குக் கடைசி நாள் கெடையாது, சட்டத்துலயே எடம் இருக்கு. காகிதம் இருந்துட்டா முடிஞ்சுரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?" பழனாத்தாள் கேட்டா.

"எப்படிம்மா சொல்ல? நீ வரும்போதெல்லாம் ஆபீஸ் பூராவும் உன்னயே பாக்கும். அடுத்தாப்புல உங்க அண்ணன். அவர்கிட்டச் சொல்லலாம்னு போனேன், 'கல்யாணம் பேசியாச்சு, கெடைக்காட்டி நல்லதுதான்'னார். வாயை மூடிக்கிட்டேன். எனக்கும் மதுரையில ரெண்டு வருசம் படிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தப்போ இதே சீல்தான் குத்தினாக. நான் மறுபடி ஒண்ணாவதுல இருந்து படிக்கல. கிளார்க்கா வந்துட்டேன்."

எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. அந்தத் தோளைத்தான் நான் தள்ளியிருந்தேன்.

"புதன்கிழமை கமிட்டி இனிப் பாக்காதுங்களா?" அண்ணன் குரல் எனக்கே அடையாளம் தெரியல.

"சேர்ந்துட்ட புள்ளையை எதுக்கு சார் பாப்பாக? முதல் வருசத்துல சேர்ந்தாச்சுன்னு ரிஜிஸ்டர்ல ஏறிருச்சு. பெட்டிக்கு இருந்ததே ஒரு சாவி. அதை அவர்கிட்ட நீங்களே கேட்டுட்டீங்க."

அண்ணன் மறுபடி சூப்ரண்டு ரூமுக்குள்ள போனார். நான் வெளிய நின்னு கேட்டேன். கெஞ்சினார். எங்க சென்னிமலை அண்ணன், மேலதிகாரி மச்சினன் வண்டியையே மறிச்ச ஆளு, ஐயா சாமின்னு கெஞ்சினார். சீல் அடிச்சது தப்புன்னு ஒரு வரி எழுதச் சொன்னார். பிரின்சிபாலைப் பாக்கோணும்னார். பிரின்சிபால் கோழிக்கோட்டுல இருக்கறார்னு பதில் வந்தது. பிறகு ரூம்ல நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டது. ஆபீஸ் பூட்டற நேரம். ராக்கப்பன் சன்னலை ஒவ்வொண்ணாச் சாத்திட்டு வந்தான்.

வாசல்ல மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. அப்புசாமி. வெள்ளை வேட்டி, நல்ல சட்டை. கெட்டவன் மாதிரியே தெரியல. தங்கச்சிக்கு வெயில் படக் கூடாதுன்னு ஒரு குடை கூடக் கொண்டு வந்திருந்தான்.

"கெடச்சுதா?"

"கெடச்சுதுங்கண்ணா" என்றா பழனாத்தாள்.

"மூணாவதா?"

"ஒண்ணாவது."

 அவன் தங்கச்சி தலையில கை வெச்சு, "சரி, விடு. மூஞ்சியைக் கழுவிட்டு வா, போலாம். அம்மா காத்துட்டு இருக்கும்"னான். திட்டியிருந்தாக் கூட நான் எதாவது சொல்லிச் சண்டைக்குப் போயிருப்பேன். அப்படி ஒரு எடமே அவன் குடுக்கல.

பைப்படியில அவ மூஞ்சியைக் கழுவிட்டு வந்தா. சீலை முந்தானையில துடைச்சா. மஞ்சப்பையை எடுத்துக்கிட்டா. போறதுக்கு முன்னால எங்ககிட்ட வந்து நின்னா. நாலு வார்த்தை வைவான்னு நெனச்சேன், வைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ வையல. ரொம்ப மரியாதையா, தாழ்ந்த குரல்ல, கடையில சாமான் கேக்கற மாதிரித்தான் அண்ணனைக் கேட்டா.

"ஏனுங்கண்ணா, இத்தனை வெரசாக் கண்டுபுடிச்சீங்களே. அதை மறுக்கா தொலைச்சுக் குடுக்க முடியுங்களா?"

  அவ ஒரு பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்துட்டு நின்னா. அப்புசாமி வண்டியை உதைச்சான். அவ பின்னாடி ஏறி உக்காந்து, குடையை வாங்கி விரிச்சுக்கிட்டா.